மவளுக்க முட்டைக்கு வயசாயிப்போச்சு

"உங்க மோளுக்க முட்டைக்கு வயசாயிப்போச்சு அம்மே"ண்ணு அந்த டாக்டரம்மா சொன்னப்ப, சத்தியமா சொல்லுகேன், எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. "நான் பெத்தது மனுசிதான் டாக்டரே, கோழி இல்ல"ண்ணு சொல்லிப்போட்டேன். டாக்டரம்மா சிரிச்சா. பக்கத்துல நிண்ண நர்சுப்பிள்ள வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. எனக்க மவ சிரிக்கல. மடியில வச்சிருந்த பையோட வாரைப் பிடிச்சு முறுக்கிக்கிட்டே இருந்தா. வீட்டுல நான் தமாசு சொன்னா "போதும்மா"ண்ணு ஒரு அதட்டு போடுவா. அண்ணைக்கு அதுகூட போடல.

ரெண்டாயிரம் பிறந்து ஒண்ணோ ரெண்டோ வருசம் ஆயிருக்கும். அவளுக்கு அப்ப முப்பத்தேழு. கல்யாணம் கழிஞ்சு ரெண்டு வருசம், வயித்துல ஒண்ணும் தங்கல. அவளுக்கு ஒரு பிள்ள வேணும். சின்னதுலகூட ரிப்பன் வேணும், மிட்டாயி வேணும்ண்ணு கேட்டு அழுத பிள்ள இல்ல அவ. ஆயுசுல வாய் விட்டுக் கேட்டது இந்த ஒண்ணுதான். அது பாத்து எனக்க கடையில இல்லாத சாமானாப் போச்சு.

எனக்க கடையில உள்ளது தேங்கா. இந்த மலையாள ஊருல, பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு முன்னால வீட்டுக்காரரு போட்ட கடை. அவரு இருக்கும்போதே நானும் கூட இருந்து விப்பேன், அவரு போனப்புறம் நான் மட்டும். நினைச்ச காரியம் நடக்க அங்க உள்ள கல்லுல தேங்காய எறிஞ்சு உடைப்பாவ. பரிச்ச பாசாக, வேல கிட்ட, கோட்டுல கேசு ஜெயிக்க. பிள்ள வரம் கேட்டு வாறவளுவள மொகத்தப் பாத்தாலே கண்டுபிடிச்சிருவேன். நான் சும்மா இருப்பனா? "எளா, கல்யாணமே கட்டாத சாமிகிட்ட போயி பிள்ள கேட்டா, பாவம், அவரு என்னத்தப் பண்ணுவாரு?"ண்ணு கேப்பேன். சிரிச்சுக்கிட்டே போயி எறிவாளுவ. ஒருநாள் எனக்க மவளே அந்தக் கூட்டத்துல நிண்ணா. ஆபீசுக்குப் போற வழியில, என்கிட்ட வாங்காம அடுத்த கடையில தேங்கா வாங்கிக்கிட்டு, நான் பாக்கலண்ணு நினைச்சு நிண்ணா. நானும் பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டேன்.

அவளுக்கு ஏன் கல்யாணம் இவ்வளவு பிந்திச்சுண்ணு சொல்லணும். அதுக்கு எளையவன்ல இருந்து தொடங்கணும்.

எனக்குப் பிள்ளைங்க மூணு. மூத்தவன் துபாய்ல இருக்கான், அவன் பிள்ளைங்களால நான் முன்னமே பாட்டியாயாச்சு. நடுவுல மவ. கடசி எளையவன். அவன் பிறக்கும்போது எனக்கு நாப்பத்தொண்ணு. இனி மாசத் தூரமே நிண்ணுருச்சுண்ணு நான் நினைச்சுக்கிட்டு இருந்த வயசு. அது நிண்ணதில்ல, அவன் வந்தது. பிறந்த அண்ணைக்கே தெரிஞ்சுபோச்சு. கண்ணு மேலாட்டு சரிஞ்சு, மூக்கு பதிஞ்சு, கையும் காலும் நனைஞ்ச துணி மாதிரி தொய்ஞ்சு கெடந்தான். நடக்க வருசங்க ஆச்சு, பேச அதைவிட ஆச்சு. பேசத் தொடங்கினவன் பின்ன நிறுத்தவே இல்ல. அது எனக்க ரத்தம்.

எங்க ஆளுகள்ல பழைய காலத்துப் பொம்பளைங்க தேங்கா உடைக்க மாட்டாவ. வயித்துல பிள்ள இருந்தா உடைக்கிற இடத்துல நிக்கக்கூடப் பிடாது. அந்த அதிர்ச்சி உள்ள போயி கருவை அடிக்கும்ண்ணு சொல்லுவாவ. நானோ வயித்தத் தள்ளிக்கிட்டு கடசி மாசம் வரைக்கும் அந்தக் கல்லுக்கு எதிர்ல இருந்து வித்தவ. காலைல தொடங்கினா படார் படார்ண்ணு ஓயாது. எனக்க மாமியா பிள்ளையத் தூக்கிப் பாத்துட்டு, "நீ கேட்ட ஒவ்வொரு சத்தமும் இவனுக்க மண்டையில விழுந்திருக்கு"ண்ணு சொன்னா. சாகிற வரைக்கும் வீட்டுக்கு வாறவகிட்டயெல்லாம் அதையே சொன்னா. வீட்டுக்காரரோ, அவன் உறங்கும்போது தலையத் தடவிப் பாத்துட்டு ஒரு மூச்சு விடுவாரு பாருங்க, கெழவிக்க வாயே தேவலண்ணு இருக்கும். நானும் நம்பினேன். நம்பாம என்ன செய்ய? வேற காரணம் யாரும் கொண்டு தரல.

மவ வளந்தா, சர்வீஸ் கமிஷன் பரிச்ச எழுதி அரசாங்க ஆபீசுல டைப்பிஸ்டு வேலயும் கிட்டிச்சு. பொண்ணு கேட்டு ஆளு வந்தாவ. நாகர்கோயில்லயிருந்து, தென்காசியிலயிருந்து, இங்க சாலைத்தெருவுலயிருந்து. வந்து பழம் தின்னு, காப்பி குடிச்சு, இவளைப் பாத்து, இவளுக்க தம்பியையும் பாத்துட்டுப் போவாவ. அவன் சும்மா ஒரு மூலையில இருக்கப்பட்ட ஆளு இல்ல. மாப்பிள்ளைக்க அம்மா பக்கத்துல போயி ஒட்டி இருந்து, "நீங்க நல்ல குண்டு"ண்ணு சந்தோசமாச் சொல்லுவான். எனக்குச் சிரிப்ப அடக்க முடியாது. ரெண்டு நாளு கழிச்சு தரகர் வந்து தலையச் சொறிவாரு. "பொண்ணு கொள்ளாம். பின்ன, அந்தப் பையன்... நாளைக்கு இவளுக்குப் பிறக்கதும் அப்படி ஆயிருமோண்ணு அவியளுக்கு ஒரு பேடி, ஒரு பயம்."

மூத்தவன் துபாய்ல இருந்து போன் பண்ணி, ஆளு வரும்போது தம்பிய உள்ள ரூமுல வச்சிருங்கம்மாண்ணு சொன்னான். நான் வாயத் திறக்கதுக்கு முன்ன மவ ரிசீவரப் பிடுங்கினா. "அவனப் பூட்டி வச்சிட்டு எனக்கு ஒருத்தனும் தாலி கட்டண்டாம்." அவ்வளவுதான். வருசம் போச்சு. அடுத்த வருசமும் போச்சு. கூட வேல பாத்தவளுவளுக்க பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போச்சு. இவ அந்தப் பிள்ளைங்களுக்கு பிறந்தநாள் சாக்லேட் வாங்கிக் கொடுத்துக்கிட்டு இருந்தா.

கடசியில முப்பத்தஞ்சாவது வயசுல ஒருத்தரு வந்தாரு. பாங்கு வேல, நாப்பது வயசு, தாயும் தகப்பனும் இல்ல. எளையவன் அவரு தலையப் பாத்து, "உங்களுக்கு முடியே இல்ல"ண்ணு சொன்னான். அவரு, "உனக்கு நிறைய இருக்கே, பாதி தா"ண்ணு கேட்டாரு. அண்ணைக்கே நான் மனசுல பாயசம் வச்சாச்சு.

கல்யாணம் கழிஞ்ச முதல் மாசத்துல இருந்தே அவ எண்ணத் தொடங்கினா. என்கிட்டச் சொல்ல மாட்டா. ஆனா மாசாமாசம் ஒருநாள் ஆபீசுல இருந்து நேரா நம்ம வீட்டுக்கு வருவா, கட்டில்ல சுவரப் பாத்துக் கெடப்பா. நான் போயி முதுகுல கை வைப்பேன். "இந்த மாசம் போனா என்னளா, அடுத்த மாசம் வராமலா போவுது"ண்ணு சொல்லுவேன். எளையவன் வந்து மறுபக்கம் கெடந்து அவளுக்க பின்னல மூக்குல வச்சு மீசையாக்கிக் காட்டுவான். அவ அதுக்கும் சிரிக்காத மாசம் வந்தப்பதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ரத்தம் எடுத்தாவ, ஸ்கேன் எடுத்தாவ. மருமவனுக்கு ஒரு குறையும் இல்லண்ணு சொல்லியாச்சு. அதுக்கப்புறம்தான் அந்த முட்டைப் பேச்சு வந்தது.

டாக்டரம்மா மலையாளத்தி. நல்லவ, பொறுமையாட்டு பேசுவா. "அம்மே, பேடிக்கண்டா, நான் சொல்லித் தாறேன்"ண்ணு சொன்னா. பொம்பளைக்கு முட்டை மாசாமாசம் புதுசா உண்டாகதில்லயாம். தாய் வயித்துல இருக்கும்போதே லட்சக்கணக்குல உண்டாயிருமாம். பிறகு குறையத்தான் செய்யும், கூடாது. "அப்பம் இவளுக்க முட்டையெல்லாம்?"ண்ணு கேட்டேன். "உங்க வயித்துலதான் உண்டானது அம்மே. இவளச் சுமந்தப்ப அதையும் சேத்துத்தான் சுமந்தீங்க." எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பேரப்பிள்ளைக்க பாதியை நான் எப்பமோ சுமந்து இறக்கியாச்சு. யாரும் சொல்லல.

"அதனால இவளுக்கு முப்பத்தேழுண்ணா முட்டைக்கும் முப்பத்தேழு. முப்பத்தஞ்சு தாண்டினா சடசடண்ணு குறையும். எண்ணிக்கை மட்டும் இல்ல, குணமும் குறையும்."

"குணம்ண்ணா?"

"முட்டைக்குள்ள சின்னச் சின்ன கரண்டு மெஷின் மாதிரி ஒண்ணு நிறைய உண்டு. முட்டை பழுக்கதுக்கும், கரு பிரிஞ்சு வளரதுக்கும் சக்தி குடுக்கது அதுதான். வயசாகும்போது அதுல வோல்ட்டேஜ் குறையும்."

"கரண்டு ஆபீசுக்காரன் அங்கயும் கை வச்சிட்டானா?"ண்ணு கேட்டேன். டாக்டரம்மாவுக்கு அதுவும் பிடிச்சுப் போச்சு. ஆனா மவ இப்பம் என்னப் பாத்தா. பாத்த பார்வையில நான் வாய மூடிக்கிட்டேன்.

அப்புறம் நூலுக்க கதை சொன்னா. ஒவ்வொரு முட்டைக்குள்ளயும் குலத்துக்க குறிப்பெல்லாம் உள்ள நூலு இருக்காம், ஜோடி ஜோடியாட்டு. பிறக்கதுக்கு முன்னமே கையக் கோத்துக்கிட்டு நிக்குமாம். முட்டை பழுக்கும்போதுதான் கைய விட்டு, பாதி உள்ள நிக்கணும், பாதி வெளிய போணும். இருவது வருசம் கோத்த கை சரியாட்டு விடும். நாப்பது வருசம் கோத்த கை தளர்ந்து, எப்ப விடணும், எங்க போணும்ண்ணு தெரியாம தப்பிப் போகும். போக வேண்டியது போகாம ரெண்டும் ஒரு பக்கமே நிண்ணுரும். அப்படிப்பட்ட முட்டையில அநேகமும் கருவே ஆகாது. கரு ஆனாலும் வயித்துல தங்காது. "அபூர்வமாட்டு தங்கும். தங்கினா, பிள்ளைக்கு ஒரு நூலு அதிகம் இருக்கும்."

நான் விடுவனா? "அதெல்லாம் உங்க புஸ்தகம் டாக்டரே. நான் நாப்பத்தொண்ணுல பெத்தவ. ஆஸ்பத்திரிகூட இல்ல, வீட்டுல. எனக்க முட்டைக்கு வயசாகலியே?"

டாக்டரம்மா பேனாவ வச்சா. "அந்தப் பிள்ள இப்ப எப்படி இருக்கு அம்மே?"

கதவுக்கு வெளிய வராந்தாவுல எளையவன் யாரையோ பிடிச்சு வச்சு சத்தமாட்டு கதை சொல்லிக்கிட்டு இருந்தான். அவன வீட்டுல தனியா விட ஒக்காதுண்ணு கூட்டிட்டு வந்திருந்தேன். மூணு பேருக்கும் அந்தச் சத்தம் கேட்டுச்சு. மவதான் எழும்பிப் போயி கதவத் திறந்தா. டாக்டரம்மா எட்டிப் பாத்தா. பாத்த உடனே அவளுக்கு மனசிலாச்சு. மொகத்த மாத்தாமத் திரும்பி வந்து இருந்தா, அதுக்கே அவளுக்குப் புண்ணியம் உண்டு.

"அதுதான் அம்மே. ஒரு நூலு."

"தேங்கா இல்லியா?"ண்ணு கேட்டேன்.

அவளுக்கு ஒண்ணும் பிடி கிட்டல. நான் சொன்னேன். கோயிலு, கல்லு, சத்தம், மாமியா, எல்லாம். அவ கேட்டுட்டு தலைய ஆட்டினா. "சத்தத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இவன் உங்க வயித்துக்குள்ள வந்து சேந்த நிமிசமே இப்படித்தான் வந்தான். நீங்க காட்டுல இருந்திருந்தாலும் இப்படித்தான்."

இருவத்தஞ்சு வருசம். மாமியா இருந்திருந்தா அந்த ஆஸ்பத்திரி லிப்டுல ஏத்திக் கொண்டுவந்து டாக்டரம்மா முன்னால நிறுத்தியிருப்பேன். அவ செத்துச் சாம்பலாயாச்சு, ஜெயிச்சுட்டுப் போயிட்டா. எனக்குச் சந்தோசம் வந்திருக்கணும். வரல. ஏன்னா பக்கத்துல எனக்க மவ கணக்கு போட்டுக்கிட்டு இருந்தா. அவ மொகத்துலயே எனக்கு அது தெரிஞ்சுச்சு.

வெளிய வந்து ஆட்டோ ஸ்டாண்டுல நிண்ணப்ப அவ சொன்னா. "உனக்கு வயசானதால இவன் இப்படி வந்தான். இவன் இப்படி இருந்ததால என்ன யாரும் கட்டல. கட்டாததால எனக்கு வயசாச்சு. இப்பம் எனக்க வயித்துலயும் அதே." ஒரு மூச்சுல சொன்னா. "யாரம்மா நான் குற்றம் சொல்ல? நீயே சொல்லு."

"என்னச் சொல்லு மக்ளே. பக்கத்துல இருக்கது நான்தான."

"உன்னச் சொல்லி என்னத்துக்கு?"

எளையவன் அதுக்குள்ள ஆட்டோக்காரன்கிட்ட பேரு, ஊரு, வீட்டுல எத்தன ஆளு எல்லாம் கேட்டு முடிச்சு, "அக்கா, வா வா, இந்த அண்ணன் நல்ல அண்ணன்"ண்ணு கூப்பிட்டான். அவ அவனப் பாத்தா. பாத்துக்கிட்டே, பைய, எனக்கு மட்டும் கேக்கது மாதிரி, "எனக்கு இப்படிப் பிறந்தா நான் என்னம்மா செய்வேன்?"ண்ணு கேட்டா. அவனப் பூட்டி வைக்கமாட்டேண்ணு சொன்னவ. அந்த வாயாலயே. நான் அவளக் கோவிக்கல. அவனுக்க வாயத் துடைச்சுவிட்டு ஆட்டோவுல ஏத்தினேன்.

மருந்து தொடங்கினாவ. தினம் ஊசி. முட்டை உள்ளத ஒண்ணாப் பழுக்க வச்சு, ஊசி வழியா உறிஞ்சி எடுத்து, வெளிய கண்ணாடித் தட்டுல வச்சு மருமவனுக்கது கூடச் சேத்து, கரு பிடிச்சா உள்ள கொண்டு வைக்கணும். முதல் தடவை மூணு கிட்டிச்சு. அதுல ஒண்ணு பழுக்கல. ஒண்ணு தொட்ட உடனே உடைஞ்சுபோச்சாம். ஒண்ணு கரு பிடிச்சு, ரெண்டாச்சு, நாலாச்சு, அங்கயே நிண்ணுபோச்சு. "பெட்ரோல் தீந்த வண்டி மாதிரி"ண்ணு டாக்டரம்மா போன்ல சொன்னாளாம். மருமவன் என்கிட்ட வந்து அதைச் சொல்லும்போது அவரு கையில ஸ்கூட்டர் சாவி இருந்துச்சு. அதைப் பாத்துக்கிட்டே நிண்ணாரு.

"பாத்து எடுக்கப்பிடாதா? நல்லது எது, கெட்டது எதுண்ணு?"ண்ணு நான் அடுத்த தடவை போனப்ப டாக்டரம்மாகிட்ட கேட்டேன். தேங்காய நான் காதுல வச்சு ஒரு ஆட்டு ஆட்டினாப் போதும், சொல்லிருவேன். அவ, "பூதக்கண்ணாடியில எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும் அம்மே. உருண்டையா, அழகா. உள்ள என்ன நடந்திருக்குண்ணு கரு வளரும்போதுதான் தெரியும்"ண்ணா. அதோட எனக்க சாமர்த்தியம் தீந்துபோச்சு.

ரெண்டாவது தடவை ரெண்டே முட்டை. ஒண்ணு கரு பிடிச்சுச்சு. அதைக் கொண்டு உள்ள வச்சாவ. ரத்தம் பாத்தாவ. தங்கியிருக்கு.

ஒரு மாசம் நாங்க வீட்டுல எப்படி இருந்தோம்ண்ணு சொல்ல எனக்குத் தெரியல. மிக்சி போடல. சத்தம் வரப்பிடாதுண்ணு கதவ யாரும் சாத்தல, ஒருக்களிச்சு வச்சோம். டாக்டரம்மா அவ்வளவு சொல்லியும் எனக்கு மனசு கேக்குமா? அவளக் கூப்பிட்டு, "மக்ளே, ஆபீசுக்குக் கிழக்கேகோட்ட வழியாட்டு, நம்ம கோயிலு முன்னால போகாத, சுத்திப் போ"ண்ணு சொன்னேன். "தேங்கா இல்லண்ணு சொன்னாவல்லாம்மா?"ண்ணு கேட்டா. "இல்லதான். ஆனாலும் சுத்திப் போ." அவளும் சுத்தித்தான் போனா. ஏழாவது வாரம் ஸ்கேன்ல துடிப்பு தெரிஞ்சுச்சு. மிளகு மாதிரி ஒண்ணு, அது கெடந்து துடிச்சுச்சு. எளையவன்கிட்ட பாப்பா வருதுண்ணு நான்தான் சொல்லிப்போட்டேன். எனக்க வாயில நிக்காது. அவன் கடைக்கு வாறவகிட்டயெல்லாம் "எனக்குப் பாப்பா வருது"ண்ணு சொன்னான். "உனக்கா, அக்காவுக்கா?"ண்ணு கேட்டா, "எனக்குத்தான்"ம்பான்.

ஒம்பதாவது வாரம் துடிப்பு இல்ல.

எனக்கு முதல்ல வந்த நினைப்பு என்ன தெரியுமா? பஸ் அந்த வழியாட்டு போயிருக்குமோண்ணு. அவ கட்டில்ல கெடக்கா, நான் தலைமாட்டுல இருந்து, "ஒருநாளாவது அந்த வழி போனியாளா?"ண்ணு கேட்டேன். அவ கண்ணத் திறக்காம, "இல்லம்மா, ஒருநாளும் போகல"ண்ணு சொன்னா. மாமியா செத்தாலும் எனக்கு உள்ள இருந்து போகல பாத்தியளா.

வந்தத எடுத்து சோதனைக்கு அனுப்பினாவ. முடிவு வர நாளாச்சு. டாக்டரம்மா மவளையும் மருமவனையும் என்னையும் வச்சுத்தான் சொன்னா. ஒரு நூலு அதிகம். எளையவனுக்கு உள்ள அதே நூலு.

எனக்க மவ அழுகதை நான் அதிகம் பாத்ததில்ல. அண்ணைக்கு அழல. சத்தம் மாதிரி ஒண்ணு வந்துச்சு அவகிட்ட இருந்து, அவ்வளவுதான். "அவன மாதிரி இருந்தாக்கூட எனக்குப் போதுமே. நான் வேண்டாம்ண்ணா சொன்னேன்? ஏன் டாக்டர் அது போச்சு? எனக்க தம்பி நிண்ணானே. அது ஏன் நிக்கல?"

"அநேகமும் நிக்காது மோளே. உங்க தம்பி நிண்ணதுதான் அதிசயம்."

வீட்டுக்கு வந்தப்ப எளையவன் வாசல்லயே நிண்ணான். "அக்கா, பாப்பா எங்க?"ண்ணு கேட்டான். யாரும் சொல்லல. அவன் விட மாட்டான், எல்லாருக்க மொகத்துலயும் போயிப் போயி கேட்டான். கடசியில அவளே, "போயிட்டுதுடா. உன்ன மாதிரி இருந்துச்சு"ண்ணு சொன்னா.

"என்ன மாதிரியா?" அவனுக்கு அப்படி ஒரு பெருமை. "அழகாவா?"

"ஆமா. அழகா."

பிறகு வேற யாருக்காவது உள்ள முட்டை எடுத்து வைக்கலாம்ண்ணு டாக்டரம்மா சொன்னா. சின்ன வயசுக்காரி, ஆரோக்கியமானவ, தரதுக்குச் சம்மதமானவ. கர்ப்பப்பைக்கு ஒரு கேடும் இல்ல, அதுக்கு வயசு அவ்வளவா ஏறாதாம். மருமவன் பைய அவ கையப் பிடிச்சு, "யாருக்க முட்டையா இருந்தா என்ன, சுமக்கப்போறது நீதான"ண்ணு சொன்னாரு. நல்ல எண்ணத்துலதான் சொன்னாரு.

"உங்களுக்கு அந்தப் பிள்ளையில உங்களுக்கது இருக்கு"ண்ணு அவ சொன்னா.

அவரு கைய எடுத்துக்கிட்டாரு.  எனக்கு எதுக்கும் ஒண்ணு நாக்குல வரும். வந்துச்சு, விழுங்கிட்டேன்.

அவ வேண்டாம்ண்ணும் சொல்லல, வேணும்ண்ணும் சொல்லல. தனக்கது இன்னும் ஒரு தடவை பாக்கணும், ஒரே ஒரு தடவை, அப்புறம் என்ன வேணும்னாலும் செய்யிறேண்ணு சொன்னா. டாக்டரம்மாவுக்கு இஷ்டமில்ல. ஆனாலும் மருந்து எழுதினா, முன்னதைவிடக் கூட்டி. ஊசி போட்டுப் போட்டு அவ தொடையில குத்த இடமில்லாம நீலம் நீலமாட்டு கெடந்துச்சு. நாளு போச்சு. முட்டை பழுத்திருக்காண்ணு பாக்க ஸ்கேன். மருமவனுக்கு பாங்குல ஆடிட்டு, வர முடியல. நான் கூடப் போனேன்.

உள்ள கூட்டிட்டுப் போனாவ. அவ படுத்தா. நான் தலைமாட்டுல நிண்ணேன். டாக்டரம்மா திரையப் பாத்துக்கிட்டே கருவிய வலத்தாட்டு திருப்பினா. அங்க கரும்புள்ளியாட்டு தெரியணும், முன்ன ரெண்டு தடவையும் தெரிஞ்சது எனக்கே ஓர்மயிருக்கு, மறக்கல. இப்பம் சாம்பல் மாதிரி ஒரு மங்கல் மட்டும். இடத்தாட்டு திருப்பினா. அங்கயும் அதுதான். அழுத்திப் பாத்தா, சரிச்சுப் பாத்தா. அப்புறம் கையெடுத்தா.

"மருந்து ஒண்ணையும் எழுப்பல மோளே. ரெண்டு பக்கமும் பாத்தாச்சு."

மவ எழும்பல. "இடப்பக்கம் சரியாப் பாக்கலியே டாக்டர். போன தடவையும் இடப்பக்கம் ஒளிஞ்சுதான இருந்துச்சு?"

டாக்டரம்மா திரும்பவும் பாத்தா. நேரம் எடுத்துப் பாத்தா. வெளிய அடுத்த ஆளுக்க பேரக் கூப்பிட்டுட்டாவ. யாரோ செருப்புச் சத்தத்தோட வந்து கதவு பக்கம் நிண்ணாவ. "இல்ல மோளே." கையுறைய உருவிக் கூடையில போட்டா. நர்சுப்பிள்ள துடைக்கத் துணி கொண்டுவந்தா.

மவ அந்தத் துணிய வாங்கல. ரெண்டு கையாலயும் கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டா. "டாக்டர், ஒரு தடவை. இனி கேக்கமாட்டேன். ஒரே ஒரு தடவை இடப்பக்கம்."

டாக்டரம்மா என்னப் பாத்தா. தாய் நீ, உனக்க மவள எழுப்பிக் கூட்டிட்டுப் போண்ணு சொல்லுகது மாதிரி. சரிதான் அவ பாத்தது. அங்க ஒண்ணும் இல்லண்ணு எனக்குத் தெரியும். திரையில நானும்தான பாத்தேன். எழும்பு மக்ளே, வீட்டுக்குப் போலாம்ண்ணு சொல்லத்தான் வாயத் திறந்தேன்.

"பாருங்க டாக்டரே"ண்ணு சொன்னேன். "இடப்பக்கம் ஒரு தடவை பாத்திருங்க. உங்க காலப் பிடிக்கேன்."

 டாக்டரம்மா புதுக் கையுறை ஒண்ணு எடுத்து மாட்டினா. நர்சுப்பிள்ளகிட்ட லைட்ட அணைக்கச் சொன்னா. நாங்க மூணு பேரும் திரையப் பாத்தோம். எனக்க மவ மூச்சுகூட விடாமப் பாத்தா.